வாங்கும் முன் கேளுங்கள்: கோன்களுக்கு நடுவே ஓட்ட எந்த கிளாஸ்?

அமெரிக்கத் தமிழர்களிடமிருந்து இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஆட்டோகிராஸ் பற்றியவை. தெரியாதவர்களுக்கு: காலியான பார்க்கிங் மைதானத்திலோ பழைய விமான ஓடுதளத்திலோ ஆரஞ்சு கோன்களை வைத்துப் பாதை அமைப்பார்கள். கார்கள் இடைவெளி விட்டு ஒவ்வொன்றாகக் கிளம்பும். போட்டி கடிகாரத்தோடுதான். ஒரு ஓட்டம் பெரும்பாலும் ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். கோனைத் தட்டினால் 2 வினாடி கூடும்.

அமெரிக்காவில் இதற்கான விதிப்புத்தகம் 1944-இல் தொடங்கிய எஸ்.சி.சி.ஏ. (ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா) அமைப்புடையது. ‘சோலோ ரூல்ஸ்’ என்பார்கள். உள்ளூர் கிளப்புகளில் பலவும் அதைத்தான் பின்பற்றுகின்றன. ஷோரூமிலிருந்து வந்தபடியே ஏறக்குறைய இருக்கும் கார்களுக்கு ஸ்ட்ரீட் பிரிவு, ஓரளவு மாற்றியவைக்கு ஸ்ட்ரீட் டூரிங். அதற்கு மேல் ஸ்ட்ரீட் பிரிப்பேர்ட், ஸ்ட்ரீட் மாடிஃபைட் என்று ஏறிக்கொண்டே போகும். ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் காரின் மாடலைப் பொறுத்துக் கிளாஸ்கள் உண்டு.

கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். காரின் கலரை எல்லாரும் எழுதியிருந்தீர்கள், வெட்டிவிட்டேன்.

கேள்வி: 2017 மாடல் மாஸ்டா மியாட்டா, செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். முன்பு வைத்திருந்தவர் காரைத் தாழ்த்தும் ஸ்ப்ரிங், வெளிக் கம்பெனி இன்டேக் (இன்ஜினுக்குக் காற்று இழுக்கும் குழாய்), பின்பக்க எக்ஸாஸ்ட் மூன்றும் போட்டிருக்கிறார். லேசான மாற்றம்தானே என்று ஸ்ட்ரீட்டில் பதிந்தேன். பக்கத்தில் நின்றவர், ‘இது ஸ்ட்ரீட் கார் இல்லை’ என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அவர் சொன்னது சரியா? (சான் ஹோசே)

பதில்: சொன்ன விதம் எப்படியோ, சொன்னது சரி.

உங்கள் காரில் எந்தப் பாகம் விதியை அதிகமாகத் தாண்டியிருக்கிறதோ, அந்த ஒன்றுதான் கிளாஸைத் தீர்மானிக்கும். மிச்சமெல்லாம் ஒரிஜினல் என்பது கணக்கில் வராது. ஸ்ட்ரீட் பிரிவில், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் எக்ஸாஸ்ட்டை மாற்றலாம். ஷாக் அப்சார்பர் மாற்றலாம். திருப்பத்தில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பியான ஸ்வே பாரில் முன்பக்கமோ பின்பக்கமோ ஏதாவது ஒன்றை மாற்றலாம். பிரேக் பேட் மாற்றலாம். ஒரிஜினல் பெட்டிக்குள்ளேயே வேறு ஏர் ஃபில்டர் போடலாம். ஸ்ப்ரிங்கைத் தொடக்கூடாது, இன்டேக் குழாயையும் தொடக்கூடாது. ஆக, உங்கள் எக்ஸாஸ்ட் பிழைத்தது, மற்ற இரண்டும் மாட்டின.

அடுத்த இடம் ஸ்ட்ரீட் டூரிங். உங்கள் தலைமுறை மியாட்டா அங்கே பல சீசன்களாக எஸ்.டி.ஆர். கிளாஸில் ஓடுகிறது. அங்கே இருப்பவர்கள் உங்களைப் போல இரண்டு பாகத்தோடு நிற்கவில்லை. 9 அங்குல அகல ரிம், 255 மி.மீ. அகல டயர், நல்ல காயில்ஓவர் (ஸ்ப்ரிங்கும் ஷாக்கும் சேர்ந்த செட்), ஹெடர் (இன்ஜினை ஒட்டிய எக்ஸாஸ்ட் குழாய்), இன்ஜின் கம்ப்யூட்டர் டியூன் என்று விதி அனுமதித்த கடைசி அங்குலம் வரை போனவர்கள். உங்கள் ஸ்ப்ரிங் அங்கே ஒன்றுமே இல்லை. ஸ்ட்ரீட்டுக்கு அதிகம், எஸ்.டி.ஆருக்குப் போதாது. லேசாக மாற்றிய கார்களில் பாதி இந்த நடுத்தெருவில்தான் நிற்கின்றன.

செய்ய வேண்டியது: இன்று இரவே பழைய ஓனருக்கு போன் போட்டு, கழற்றிய ஸ்ப்ரிங்கும் ஏர் பாக்ஸும் இருக்கிறதா என்று கேளுங்கள். கராஜ் மூலையில் கிடக்க வாய்ப்பு அதிகம். அவரிடம் இல்லையென்றால், தங்கள் காரைத் தாழ்த்திய யாரோ ஒருவர் கழற்றி வைத்திருப்பார், மலிவாகக் கிடைக்கும். மாட்டியதும் அலைன்மென்ட் பார்க்க மறக்காதீர்கள். அதுவரை எஸ்.டி.ஆரில் பதிந்து ஓட்டுங்கள். உள்ளூர் கிளப்பில் புதியவர்களுக்கு நாவிஸ் கிளாஸ் இருந்தால் இன்னும் நல்லது.

இன்னொன்று. நீங்கள் கலிஃபோர்னியா. வெளி இன்டேக் என்றால் மாநிலக் காற்று வாரியம் கொடுத்த ஈ.ஓ. எண் (அனுமதி எண்) அதற்கு இருக்க வேண்டும். ஸ்மாக் (புகை) பரிசோதனையில் பானட்டைத் திறந்து அந்த எண்ணைத் தேடுவார்கள். ஒரிஜினல் பெட்டி திரும்பி வந்தால் அந்தத் தலைவலியும் சேர்ந்து போகும்.

கேள்வி: எங்கள் வீட்டில் இருக்கும் உயரமான எஸ்.யூ.வி.யை வைத்து ஆரம்பிக்கலாமா? பிறகு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிக்கொள்கிறேன். (சியாட்டில்)

பதில்: வேண்டாம். உயரம் அதிகமாகவும், இடது வலது சக்கரங்களுக்கு நடுவே அகலம் குறைவாகவும் உள்ள வண்டி திருப்பத்தில் கவிழலாம். வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கேள்வி: டொயோட்டா ஜி.ஆர். 86 வாங்கியதும் ஆஃபரில் வந்த 18-க்கு 9.5 அங்குல ரிம் நாலு எடுத்துவிட்டேன். பார்க்க அட்டகாசமாக இருக்கிறது. இதோடு ஸ்ட்ரீட்டில் ஓட ஏதாவது வழி? (எடிசன், நியூஜெர்சி)

பதில்: இல்லை. ஸ்ட்ரீட்டில் ரிம்மின் விட்டம் ஒரு அங்குலம் கூடலாம், குறையலாம். அகலம் கம்பெனி கொடுத்ததேதான் இருக்க வேண்டும். ஆஃப்செட்டும் (ரிம் உள்ளேயோ வெளியேயோ தள்ளி நிற்கும் அளவு) சில மில்லிமீட்டருக்கு மேல் நகரக்கூடாது. உங்கள் காருக்குக் கம்பெனி கொடுத்த அகலம் 7.5. கழற்றி வைத்திருக்கும் ரிம்மின் பின்பக்கம் ஆரக்காலைத் துடைத்துப் பாருங்கள், ‘17x7 1/2’ அல்லது ‘18x7 1/2’ என்று வார்ப்பிலேயே இருக்கும். விதிப்புத்தகம் இணையத்தில் இலவசம். ரிம் இலவசமாக வரவில்லை. எதை முதலில் திறந்திருக்க வேண்டும் என்று நானா சொல்ல வேண்டும்?

பழைய ரிம்மை விற்காமல் வைத்திருந்தால் பிழைத்தீர்கள். விற்றுவிட்டேன் என்று மட்டும் அடுத்த கடிதம் எழுதாதீர்கள்.

கேள்வி: அண்ணா, ஒரு கடையில் ‘ஆட்டோகிராஸ் ஸ்டேஜ் 1 பேக்கேஜ், ஸ்ட்ரீட் கிளாஸுக்கு அங்கீகாரம் பெற்றது’ என்று போட்டிருந்தார்கள். 1,400 டாலர். எக்ஸாஸ்ட், இன்டேக், டியூன் மூன்றும் ஒரே பெட்டி. போனிலும் கேட்டேன், ‘கிளாஸ் மாறாது’ என்றார்கள். மாட்டிக்கொண்டு போனால் ஸ்ட்ரீட்டில் சேர்க்க முடியாது என்கிறார்கள். கடைக்காரர் ‘மாட்டிய பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்’ என்கிறார். என் தவறா? (டல்லாஸ்)

பதில்: தம்பி, உங்கள் தவறு இல்லை. கேட்டிருக்கிறீர்கள், பொய்யாகப் பதில் சொல்லியிருக்கிறார்கள்.

இந்தப் ‘பேக்கேஜ்’ வியாபாரத்தின் மேல் எனக்குப் பல வருஷக் கோபம். கொஞ்சம் கொட்டிவிடுகிறேன். ஸ்ட்ரீட், ஸ்ட்ரீட் டூரிங் பிரிவுகளில் கடைப் பாகங்களுக்கு முத்திரை குத்தி அங்கீகாரம் தரும் வழக்கமே கிடையாது. விதி, எந்த வகை மாற்றம் செய்யலாம் என்று மட்டும் சொல்கிறது. சொல்லாதது எதுவும் கூடாது. ‘கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது?’ என்று கேட்பவருக்கு அங்கே இடமில்லை, ‘கூடும் என்று எங்கே எழுதியிருக்கிறது?’ என்றுதான் கேட்க வேண்டும். அப்படியிருக்க, அங்கீகாரம் என்று பெட்டிமேல் அச்சடிக்கிறவர் யாரிடம் வாங்கினார்?

பெட்டியின் சூட்சுமத்தைப் பாருங்கள். மூன்றில் ஒன்று, அந்த எக்ஸாஸ்ட், உண்மையிலேயே ஸ்ட்ரீட்டில் செல்லும். அதை நடுவில் வைத்துத்தான் மற்ற இரண்டையும் தள்ளுகிறார்கள். தனித்தனியாக விற்றால் நீங்கள் ஒவ்வொன்றையும் விதியோடு ஒப்பிட்டுப் பார்ப்பீர்கள். பில்லிலும் ஒரே வரி, ‘ஸ்டேஜ் 1 கிட்’. எந்தப் பாகம், என்ன நம்பர், என்ன விலை என்று எதுவும் இருக்காது. நாளைக்கு ஒன்றை மட்டும் திருப்பலாம் என்றால் எதைக் காட்டுவீர்கள்? ஸ்டேஜ் 1 என்றால் என்ன என்பதும் கடைக்குக் கடை வேறு. ஒருவர் டியூன் மட்டும் என்பார், இன்னொருவர் சைலன்சரையும் சேர்ப்பார். அளவில்லாத ஒன்றை அளவு போலப் பெயர் வைத்து விற்பதற்கு இந்த ஊரில் தடையே இல்லை. புதிதாக வருகிற பையன்கள்தான் இதில் விழுகிறார்கள். பழைய ஆட்கள் பெட்டியாக வாங்குவதில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அந்த விளம்பரத்தை இப்போதே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள், நாளைக்கு மாற்றிவிடுவார்கள். கடைக்கு ஈமெயிலில் எழுதுங்கள், போன் வேண்டாம்: ‘ஸ்ட்ரீட் கிளாஸுக்கு ஏற்றது என்று விற்றீர்கள், இன்ன விதிப்படி ஏற்றதல்ல, பணத்தைத் திருப்புங்கள்.’ கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், சொன்னபடி பொருள் வரவில்லை என்று கார்டு வங்கிக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். அந்தத் தொகை வந்த ஸ்டேட்மென்ட்டிலிருந்து 60 நாள் கெடு, அதை விடாதீர்கள். மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில் நுகர்வோர் புகாருக்குத் தனிப் பிரிவு இருக்கிறது, அங்கேயும் ஒரு பிரதி. எக்ஸாஸ்ட் உங்களுக்கு உபயோகம், வைத்துக்கொள்ளலாம். மற்ற இரண்டின் விலையைத் திருப்பச் சொல்லிப் பேரம் பேசுங்கள். பெரும்பாலான கடைகள் அங்கே இறங்கி வரும்.

கேள்வி: பின் ஸ்வே பார் மாற்றினேன். இப்போது ஜன்னல் கண்ணாடி மோட்டார் வேலை செய்யவில்லை. ‘காரை மாடிஃபை செய்துவிட்டீர்கள், வாரன்டி போச்சு’ என்கிறார் டீலர். ஒரு பெண் தனியாகப் போனதால் இப்படிப் பேசுகிறார்களா என்றும் தோன்றுகிறது. (ஆஸ்டின்)

பதில்: தோன்றுவதில் தப்பில்லை அம்மா. ஆனால் ஆண்களிடமும் இதையே சொல்கிறார்கள். 1975-ஆம் ஆண்டின் மேக்னசன்-மாஸ் வாரன்டி சட்டம் என்று ஒன்று உண்டு. வெளிப் பாகம் போட்ட ஒரே காரணத்துக்காக மொத்த வாரன்டியையும் ரத்து செய்ய முடியாது. அந்தப் பாகம்தான் இந்தப் பழுதுக்குக் காரணம் என்று அவர்கள் காட்ட வேண்டும். பின் சக்கரத்துப் பக்கம் இருக்கும் கம்பி கதவுக்குள் இருக்கும் மோட்டாரை எப்படிக் கெடுத்தது என்று எழுத்தில் தரச் சொல்லுங்கள். அநேகமாக மேனேஜர் வெளியே வந்து ‘பார்த்துத் தருகிறோம்’ என்பார்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். போட்டியில் ஓட்டியதால் வந்த சேதத்துக்கு வாரன்டி கிடையாது என்று பல கையேடுகளில் இருக்கும். கிளட்ச்சைக் கோன்களுக்கு நடுவே கருக்கிவிட்டு டீலரிடம் போனால் சட்டம் உங்கள் பக்கம் நிற்காது. இன்சூரன்ஸ் பாலிசியிலும் ‘ரேஸ், நேரப் போட்டி’ என்ற விலக்கு இருக்கிறதா பாருங்கள்.

தேசிய அளவில் பெண்களுக்குத் தனி கிளாஸும் உண்டு, பொது கிளாஸிலும் ஓடலாம். இரண்டும் உங்கள் விருப்பம்.

கேள்வி: ‘ஒரு சீசன் கூட ஓடாத’ 200 ட்ரெட்வேர் (தேய்மான எண்) டயர் பாதி விலைக்கு வருகிறது. எடுக்கலாமா? (ராலே)

பதில்: தேதி பார்த்தீர்களா? டயரின் பக்கச் சுவரில் ‘டாட்’ (DOT, அமெரிக்கப் போக்குவரத்துத் துறை) எழுத்துகளுக்குப் பின்னால் கடைசியில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டு 23-வது வாரம் செய்தது. சில டயரில் அந்த முழு எண் ஒரு பக்கம்தான் இருக்கும், குனிந்து உள்பக்கமும் பாருங்கள். நான் இதே போல் ‘புதுசு மாதிரி’ என்று ஒரு செட் வாங்கினேன். பூ அழியாமல் பளபளவென்று இருந்தது, ரப்பர் மட்டும் கருங்கல். நகத்தால் அழுத்தினால் தடமே விழாது. தேதியை வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன்.

ஸ்ட்ரீட்டிலும் ஸ்ட்ரீட் டூரிங்கிலும் ட்ரெட்வேர் எண் 200-க்குக் குறையக்கூடாது. ஆனால் அந்த எண்ணை டயர் கம்பெனியே தனக்குப் போட்டுக்கொள்கிறது. அதனால் 200 என்று போட்ட இரண்டு டயர்களுக்கு நடுவே வினாடிக்கணக்கில் வித்தியாசம் இருக்கலாம். முதல் சீசனுக்குக் காரில் இருக்கிற டயரே போதும்.

கேள்வி: ரேஸ் பிரேக் பேட் போட்டால் உடனே நேரம் குறையும் என்கிறான் நண்பன். (ஃப்ரீமான்ட்)

பதில்: நானும் ஒரு செட் வாங்கினேன். சூடேறினால்தான் பிடிக்கும். சூடேறுவதற்குள் ஓட்டம் முடிந்துவிடும். வேண்டாம்.

கேள்வி: என் கிளாஸில் நான் கடைசிக்கு முந்தியவன். ஆனால் ‘பாக்ஸ்’ பட்டியலில் நடுவில் இருக்கிறேன். எது உண்மை? (டெட்ராய்ட் அருகில்)

பதில்: இரண்டும். ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒன்றைத் தாண்டாத ஒரு எண் வருஷாவருஷம் வெளியாகும். உங்கள் நேரத்தை அதால் பெருக்கி எல்லாக் கிளாஸையும் ஒரே பட்டியலில் வைப்பார்கள். உதாரணமாக எண் 0.820, நேரம் 50 வினாடி என்றால் பாக்ஸ் நேரம் 41. வேகமான கிளாஸ் என்றால் எண் பெரியது. உங்கள் கிளாஸில் கெட்டிக்காரர்கள் கூடிவிட்டார்கள், அவ்வளவுதான். இதற்காக கிளாஸை மாற்றப் புதுப் பாகம் வாங்க வேண்டாம்.

கேள்வி: கிளாஸில் ஜெயிக்க எந்தக் கார் வாங்கலாம்? இரண்டு மாடல் பார்த்து வைத்திருக்கிறேன். (சிகாகோ)

பதில்: கிளாஸ் பட்டியல் வருஷத்துக்கு வருஷம் மாறும். போன வருஷம் ஜெயித்த கார் இந்த வருஷம் ஒரு படி மேலே தூக்கி வைக்கப்படலாம். எஸ்.சி.சி.ஏ. மாதாமாதம் ‘ஃபாஸ்ட்ராக்’ என்ற அறிவிப்பில் வரப்போகும் மாற்றங்களைப் போடுகிறது, அட்வான்ஸ் கொடுக்கும் முன் அதைப் பாருங்கள். நெப்ராஸ்காவின் லிங்கனில் நடக்கும் தேசியப் போட்டிக்குப் போவதாக இருந்தால்தான் இந்தக் கவலை. உள்ளூரில் ஞாயிற்றுக்கிழமை ஓட்டுவதற்கு, யாரும் கை வைக்காத கார் எது கிடைக்கிறதோ அதை வாங்குங்கள்.

கேள்வி: வீட்டில் பைக் ஹெல்மெட் இருக்கிறது. தனியாக வாங்க வேண்டுமா? (ஃபீனிக்ஸ்)

பதில்: உள்ளே துணியை விலக்கி, ஹெல்மெட்டுகளைச் சோதித்துத் தரச் சான்று தரும் ஸ்னெல் அமைப்பின் ஸ்டிக்கர் இருக்கிறதா பாருங்கள். ‘எம்’ என்று தொடங்கினால் பைக்குக்கு உரியது, ‘எஸ்.ஏ.’ என்றால் காருக்கு. ஆட்டோகிராஸில் இரண்டும் ஏற்பார்கள், வருஷம் ரொம்பப் பழையதாக இருக்கக்கூடாது. டாட் ஸ்டிக்கர் மட்டும் இருந்தால் செல்லாது. பல கிளப்புகளில் இரவல் ஹெல்மெட் வைத்திருப்பார்கள், முதல் நாள் அதுவே போதும். ஹெல்மெட்டுக்குள்ளே போட ஒரு துணித் தொப்பி எடுத்துக்கொண்டு போங்கள். ஃபீனிக்ஸ் வெயிலில் உங்களுக்கு முன்னால் அதைப் போட்டவர் நிறைய வியர்த்திருப்பார்.