கைராசி இல்லை என்றார்கள்

வணக்கம் ஐயா,

மதுரையில் வாடகை வீட்டில் முதல் மாடியில் இருக்கிறோம். மொட்டைமாடியைப் பயன்படுத்திக்கொள்ள ஓனர் சம்மதித்ததும், பங்குனிக் கடைசியில் பத்து குரோ பேக், தென்னை நார்க் கட்டி, மண்புழு உரம் எல்லாம் வாங்கித் தக்காளி, மிளகாய் போட்டேன். தக்காளி நன்றாக முளைத்தது. ஒரு வாரத்தில் ஒவ்வொன்றாகத் தண்டு மண்ணை ஒட்டி நூல் மாதிரி மெலிந்து சாய்ந்துவிட்டன. தினமும் இருவேளை, சில நாள் மூன்று வேளைகூடத் தண்ணீர் ஊற்றினேன், ஒரு நாளும் விட்டதில்லை. தப்பித்த இரண்டு செடிகளும் பூத்தன, பூவெல்லாம் உதிர்ந்துவிட்டது. மிளகாய் இருபது விதை போட்டுப் பதினொன்றுதான் முளைத்தது. அன்றைக்கு உட்கார்ந்து அழுதேன்.

என் மாமியார் ஊரில் பெரிய கொல்லை வைத்திருந்தவர். "உனக்குக் கைராசி இல்லைம்மா, விட்டுடு" என்கிறார். கணவர் ஒரு தக்காளி எவ்வளவு விலைக்கு விழுந்திருக்கிறது என்று கணக்குப் போட்டுச் சிரிக்கிறார். சிரிக்கத்தான் செய்கிறார், இருந்தாலும் எனக்குச் சுருக்கென்கிறது. காலையில் மாடிப்படி ஏறும்போதே இன்றைக்கு என்ன செத்திருக்குமோ என்று அடித்துக்கொள்ளும். இப்போது மேலே போவதே இல்லை. ஆடி வருகிறது. மறுபடியும் போடலாமா, இது நமக்கு வராது என்று விட்டுவிடலாமா? அந்தப் பைகளில் இருக்கும் பழைய மண் இனி எதற்காவது ஆகுமா?

எஸ்.,
மதுரை

அன்புள்ள எஸ்.,

பயப்படாதீர்கள் என்று எழுதப்போவதில்லை. அப்படிச் சொல்லி யாருக்கும் பயம் போனதாகத் தெரியவில்லை. நீங்களே எழுதியிருப்பதைக் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்.

முதலில் மிளகாய். இருபது போட்டுப் பதினொன்று முளைத்ததைத் தோல்வியில் சேர்த்திருக்கிறீர்கள். நம் நாட்டில் சான்று பெற்ற விதை குறைந்தது இவ்வளவு முளைக்க வேண்டும் என்று அளவு வைத்திருக்கிறார்கள். தக்காளிக்கும் கத்தரிக்கும் 70 சதவீதம், வெண்டைக்கு 65, மிளகாய்க்கு 60. அதாவது நல்ல விதை என்று அட்டை கட்டி வருகிற மிளகாயிலேயே நூற்றுக்கு நாற்பது முளைக்காமல் போகலாம், அதை யாரும் குறை என்று சொல்ல மாட்டார்கள். அதுவும் ஆய்வகத்தில் அளந்த சூட்டிலும் ஈரத்திலும் வைத்துப் பார்க்கும் கணக்கு. இருபதில் அறுபது சதவீதம் என்றால் பன்னிரண்டு. பங்குனி வெயிலில், மொட்டைமாடியில் நீங்கள் பதினொன்று எடுத்திருக்கிறீர்கள். ஒரே ஒரு விதை குறைவு. இதற்கா அழுதீர்கள்?

தக்காளிப் பூ உதிர்ந்ததற்கும் உங்களுக்கும் சம்பந்தமில்லை. பகலில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் சூடு இறங்காமல் கிடந்தால் தக்காளியின் மகரந்தம் கெட்டுவிடும். பூ காய் பிடிக்காமல் காம்பிலுள்ள கணுவோடு கழன்று விழும். மதுரை வைகாசி எப்படி இருக்கும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போதாததற்குக் கீழே காங்கிரீட் தளம், பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவில் விட்டுக்கொண்டிருக்கும். ஐம்பது சதவீத நிழல்வலை கட்டியிருந்தால் கொஞ்சம் தாக்குப்பிடித்திருக்கும். ஆனாலும் அந்தப் பருவத்தில் தக்காளியைத் தொடாமல் இருப்பதே நல்லது.

மிச்சம் இருப்பது சாய்ந்த நாற்றுகள். இதில் உங்கள் கைக்குப் பங்கு உண்டு, மறைக்கப்போவதில்லை. மண்ணை ஒட்டித் தண்டு நூலாக இளைத்துச் சாய்வதற்கு நாற்றழுகல் என்று பெயர். பித்தியம் போன்ற, பூஞ்சை மாதிரியான நுண்ணுயிர்களின் வேலை. இவை எந்த மண்ணிலும் கொஞ்சம் இருக்கும். ஈரம் காயாமல் சொதசொதவென்று இருந்தால் பெருகிவிடும். நீங்கள் மூன்று வேளை ஊற்றிய தண்ணீர்தான் அதற்குத் தீனி.

ஆனால் மூன்று வேளை ஏன் ஊற்றினீர்கள்? கடிதத்திலேயே பதில் இருக்கிறது: "ஒரு நாளும் விட்டதில்லை". செடி செத்துவிடுமோ என்ற பயத்தில் ஏதாவது செய்தாக வேண்டும் என்று தோன்றுகிறது. செய்யக் கையில் இருப்பது குவளை ஒன்றுதான், ஊற்றிவிடுகிறோம். இலை வாடினால் தண்ணீர், மஞ்சளானால் தண்ணீர், வளரவில்லை என்றாலும் தண்ணீர். தோட்டம் போட ஆரம்பிப்பவர்களின் செடிகள் காய்ந்து செத்ததைவிட அழுகிச் செத்ததைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். காயவிடுகிறவர்களுக்கு அக்கறை கிடையாது, அவர்கள் எனக்குக் கடிதமும் எழுதுவதில்லை. அதனால் உங்களிடம் கேட்பது தைரியத்தை அல்ல. ஒரு வேளைத் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

தென்னை நார்க் கலவையில் இன்னொரு ஏமாற்று உண்டு. மேலே வெளிறிக் காய்ந்து தெரியும், ஒரு அங்குலம் கீழே பிழிந்தால் நீர் சொட்டும். கண்ணை நம்பாதீர்கள். சுட்டுவிரலை இரண்டாவது கணு வரை உள்ளே விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் குவளையைக் கீழே வைத்துவிட்டு இறங்கி வந்துவிடுங்கள். பையின் ஒரு ஓரத்தைத் தூக்கிப் பார்ப்பதும் நல்ல வழி. கனமாக இருந்தால் உள்ளே தண்ணீர் இருக்கிறது. சில நாளில் கைக்கே பழகிவிடும். அப்புறம், நார்க் கட்டியை ஊறவைத்து மூன்று நான்கு தண்ணீரில் அலசிய பிறகுதானே கலந்தீர்கள்? இல்லையென்றால் அதிலுள்ள உப்பும் இளம் வேரைக் கருக்கியிருக்கும்.

இனி ஒரு செடி செத்தால், தூக்கி எறியும் முன் பிரேதப் பரிசோதனை செய்யுங்கள். சும்மா சொல்லவில்லை. செத்த செடியைப் பிடுங்கிப் பார்க்காமலே மனம் நொந்துபோகிறவர்கள்தான் அதிகம். வேரோடு எடுத்து ஒரு வாளித் தண்ணீரில் மண்ணைக் கழுவுங்கள். வெள்ளையாக, விறைப்பாக வேர் இருந்தால் நோவு மேலே, இலையிலோ தண்டிலோ இருக்கிறது. வேர் பழுப்பாகி, விரலால் உருவினால் மேல்தோல் வழுக்கிக் கழன்று உள்ளே நரம்பு மட்டும் மிஞ்சினால், அது தண்ணீரில் அழுகிய வேர். ஒருமாதிரி நாற்றமும் வரும். வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் தெரிந்தால் வேர்முடிச்சு நூற்புழு, அந்த மண்ணில் மறுபடியும் தக்காளி வேண்டாம். வேரெல்லாம் பையின் ஓரத்தில் சுற்றிக்கொண்டு நடுக்கட்டி பொரபொரவென்று காய்ந்திருந்தால், ஊற்றிய தண்ணீர் உள்ளே இறங்காமல் ஓரமாகவே வழிந்து போயிருக்கிறது. அப்போது வேகமாக ஊற்றியதுதான் பிழை, அளவில் குறையில்லை. ஐந்து நிமிட வேலை. அதற்குப் பிறகு "எனக்கு வரவில்லை" என்று சொல்ல வாய் வராது, "வேர் அழுகிவிட்டது" என்றுதான் வரும். இரண்டாவதற்கு மருந்து உண்டு.

உங்கள் மாமியாருக்கு வருவோம். அவர் வைத்திருந்தது கொல்லை. பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடும் இடத்தில் சுரையும் அவரையும் தானாக ஏறியிருக்கும். மாட்டுச் சாணமும் அடுப்புச் சாம்பலும் வருஷக்கணக்காக விழுந்த மண். ஒரு நாள் தண்ணீர் விடாவிட்டாலும் வேர் கீழே போய்த் தேடிக்கொள்ளும், கூடிப்போனால் மண் வாங்கிக்கொள்ளும். போட்டதில் எத்தனை செத்தது என்று அங்கே யாரும் எண்ணியதும் கிடையாது. நீங்கள் வைத்திருப்பது காங்கிரீட் மேல் ஒரு பை. கூடினால் அழுகல், குறைந்தால் கருகல், வேருக்குத் தப்பிக்க இடமில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கைராசி பார்ப்பது நியாயமே இல்லை. அவர் கையை இந்தப் பைகளில் வைத்தாலும் முதல் கோடையில் இதேதான் நடந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம். இதை அவரிடம் சொல்ல வேண்டாம்! அதற்குப் பதில், "அத்தை, உங்க கொல்லையில அவரைக்கு என்ன போடுவீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். சாம்பல் தூவியது, புளித்த மோர் தெளித்தது, எந்தக் கிழமை எதை ஊன்றியது என்று ஒரு மணி நேரம் பேசுவார். அந்தக் கிழமையை விட்டுவிட்டு மற்றதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சரி, ஆடியில் போடலாமா? போடுங்கள். ஆடிப்பட்டம் தேடி விதை என்று சும்மா சொல்லி வைக்கவில்லை. வெயில் மெல்ல இறங்கும், மழை பின்னால் வரும், விதைக்குத் தோதான காலம். ஆனால் இந்த முறை முதலில் கீரை. நல்ல காரணம் ஒன்று இருக்கிறது. உங்களுக்கு இப்போது வேண்டியது சீக்கிரம் கண்ணில் படுகிற ஒரு விளைச்சல். மிளகாய் காய்க்கிற வரை மாதக்கணக்கில் பயந்துகொண்டிருக்க வேண்டும். சிறுகீரை நாலைந்து நாளில் முளைத்து, ஒரு மாதத்துக்குள் சட்டிக்கு வந்துவிடும். அரைக்கீரை என்றால் வெட்ட வெட்டத் துளிர்க்கும்.

கீரை விதை ஒரு கிராமில் ஆயிரத்துக்கும் மேலே இருக்கும். ஒரு சிட்டிகையைக் கைப்பிடி மணலோடு கலந்து, அகலமான தொட்டியில் தூவி, மேலே பெயருக்கு மண்ணைத் தூவி, பூவாளியில் மெல்லத் தெளியுங்கள். எறும்பு வந்து விதையைத் தூக்கும். சுற்றிலும் கொஞ்சம் அரிசி நொய் போட்டுவிட்டால் அதில் மெனக்கெடும். நூறு முளைக்கும், நூறுக்கும் அங்கே இடமில்லை. பத்துப் பன்னிரண்டு நாளில் நெருக்கமாக நிற்பதையெல்லாம் நீங்களே பிடுங்க வேண்டும். விவசாயிகள் பயிர் கலைத்தல் என்பார்கள். முதல் தடவை மனசு கேட்காது, நன்றாக நிற்கும் செடியைப் பிடுங்குவதா என்று. பிடுங்குங்கள், அதையே அலசிப் பருப்பில் போடுங்கள். ஒரு செடி போனால் தோட்டமே போனது என்று நினைக்கிறவருக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை. பத்து விதையை எண்ணிப் போட்டுப் பத்தையும் காவல் காக்கும் வரை பயம் இருக்கத்தான் செய்யும்.

கத்தரி, மிளகாய்க்கு விதையோடு மல்லுக்கட்ட வேண்டாம், நாற்றாக வாங்குங்கள். அது ஏமாற்று வேலை ஆகாது. ஏக்கர் கணக்கில் போடும் விவசாயிகளே இன்று குழித்தட்டு நாற்று வாங்கித்தான் நடுகிறார்கள். உங்கள் பக்கத்திலேயே, திண்டுக்கல் ரெட்டியார்சத்திரத்தில் இந்தோ-இஸ்ரேல் திட்டத்தின் காய்கறி மையம் விவசாயிகளுக்காக அப்படித்தான் நாற்று வளர்க்கிறது. நான்கைந்து செடிக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம், ஊரில் உள்ள நர்சரி போதும். தண்டு தடியாக, இலையின் அடிப்புறம் பூச்சியில்லாமல், இன்னும் பூக்காத நாற்றாகப் பார்த்து எடுங்கள். கடைக்காரர் பூவோடு நிற்பதைக் காட்டுவார், அது வேண்டாம்.

பாகலோ பீர்க்கோ ஏற்றினால் ஒன்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். முதலில் வருவதெல்லாம் ஆண் பூ, நிறையப் பூத்து உதிரும். அதைப் பார்த்து மறுபடியும் உட்கார்ந்து அழாதீர்கள். அடியில் குட்டிக் காயோடு வருவதுதான் பெண் பூ, அது பின்னால் வரும். மாடியில் தேனீ நடமாட்டம் இல்லையென்றால் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவின் நடுவில் ஒற்றிவிடுங்கள். பாகலுக்குக் காலையில், பீர்க்குக்குச் சாயங்காலத்தில்.

உங்கள் கணவர் போட்ட கணக்கு சரியானதுதான். முதல் வருஷம் பை, கலவை, வலை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் சந்தையில் வாங்குவதே மலிவு. இதில் காசு மிச்சமாகும் என்று அவரிடம் வாதாடாதீர்கள், தோற்றுப்போவீர்கள். அறுவடை வீடியோக்களில் கூடை கூடையாகக் காட்டுகிறவர்களும் செலவுச் சீட்டைக் காட்டுவதில்லை. செத்த செடியையும் காட்டுவதில்லை. கொஞ்ச நாளைக்கு அவற்றைப் பார்க்காமல் இருந்தால் நிம்மதி.

பழைய மண்ணைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தாராளமாக ஆகும். தார்ப்பாயில் கொட்டிப் பழைய வேர்களைப் பொறுக்கிவிட்டு, பரப்பி நாலைந்து நாள் நல்ல வெயிலில் காயவிடுங்கள். பிறகு நான்கு பங்குக்கு ஒரு பங்கு மண்புழு உரம், பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு கலந்து, லேசாக ஈரம் காட்டி, பத்து நாள் மூடி வையுங்கள். ஆனால் தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம், நோயும் பொது. அதனால் அந்த மண்ணில் கீரையும் கொத்தவரையும் போடுங்கள். கத்தரிக்கும் மிளகாய்க்கும் இரண்டு மூன்று பையில் மட்டும் புதுக் கலவை போதும். பையின் அடியில் ஓட்டை அடைத்திருக்கிறதா என்று குச்சியால் குத்திப் பார்த்துவிட்டு நிரப்புங்கள்.