ட்ரில் நன்றாக இருக்கிறது, பேட்டரிதான் போய்விட்டது

கேள்வி: தச்சு வேலை செய்கிறேன். 2009-ல் வாங்கிய 12 வோல்ட் கார்ட்லெஸ் ட்ரில் வைத்திருக்கிறேன். மோட்டார், கியர், சக் எல்லாம் இன்றும் குறையில்லாமல் ஓடுகிறது. ஆனால் இரண்டு பேட்டரியும் பத்து ஸ்க்ரூ போடுவதற்குள் படுத்துவிடுகின்றன. டீலரிடம் கேட்டால் அந்த மாடல் நின்றுபோய்ப் பல வருடம் ஆகிறது, புது செட் வாங்குங்கள் என்கிறார். தூக்கிப் போட மனமில்லை. வழி இருக்கிறதா?
வாசகர், தாராபுரம்

பதில்: இருக்கிறது, தூக்கிப் போடாதீர்கள். அந்தக் காலத்து ட்ரில்களில் கியர் நன்றாக இருந்தால், தேய்ந்த கார்பன் பிரஷை மாற்றிக்கொண்டு இன்னும் பல வருடம் ஓட்டலாம். போனது பேட்டரி மட்டும்தான், அதுவும் உள்ளே இருக்கும் செல்கள்தான். வெளி டப்பாவும் அதன் பித்தளைக் கால்களும் நன்றாக இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

பேட்டரியின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளை முதலில் படியுங்கள். நிக்கல் காட்மியம் என்று இருந்தால் ஒரு செல்லுக்கு 1.2 வோல்ட், ஆகவே 12 வோல்ட்டுக்குப் பத்து செல். 14.4 என்றால் பன்னிரண்டு, 18 என்றால் பதினைந்து. பெரும்பாலும் சப்-சி என்ற அளவுதான் இருக்கும், சுமார் 22 மில்லிமீட்டர் குறுக்களவு, 43 மில்லிமீட்டர் உயரம். கம்பெனி பேக் கிடைக்காததற்கு மாடல் பழசானது மட்டும் காரணமில்லை. காட்மியம் நச்சு உலோகம், ஐரோப்பிய ஒன்றியம் 2016 டிசம்பர் 31-க்குப் பிறகு கார்ட்லெஸ் கருவிகளுக்கான காட்மியம் பேட்டரிகளைப் புதிதாகச் சந்தைக்குக் கொண்டுவருவதையே தடை செய்துவிட்டது. பெரிய கம்பெனிகள் எல்லாம் அதற்கு முன்பே லித்தியத்துக்கு மாறத் தொடங்கியிருந்தன.

போன மாதம் இதே போல ஒரு 14.4 வோல்ட் பேக்கைத் திறந்து ஒவ்வொரு செல்லாக மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். ஒன்பது செல் 1.25-ஐ ஒட்டிக் காட்டின, இரண்டு 0.9, ஒன்று மட்டும் சுத்தமாக பூஜ்யம், அதன் தலையில் உப்புப் பூத்த மாதிரி வெள்ளைப் பொடி. அது உள்ளேயிருந்து கசிந்த காரம், வெறுங்கையால் தொடாதீர்கள். பேக் முழுவதையும் இழுத்துவிடுவது அந்த ஒரு செல்தான், ஏனென்றால் ட்ரில் ஓடும்போது அது முதலில் காலியாகிவிடும், மற்ற செல்கள் தள்ளும் கரண்ட் காலியான அதன் வழியே பாய்ந்து அதன் பிளஸ் மைனஸையே தலைகீழாக்கும், அது இன்னும் கெடும். அப்படியானால் கெட்டதை மட்டும் மாற்றினால் போதுமே என்று தோன்றும். எனக்கும் ஒரு கடையில் அப்படித்தான் செய்து கொடுத்தார்கள், மூன்று மாதம்கூட ஓடவில்லை. பழைய செல்லும் புது செல்லும் ஒரே நேரத்தில் காலியாகாது, அதனால் அடுத்த பலவீனமான செல் விழுந்துவிடுகிறது. மாற்றினால் உங்கள் 12 வோல்ட் பேக்கின் பத்து செல்லையும் மாற்றுங்கள், ஒரே கம்பெனி, ஒரே பேட்சாக இருக்கட்டும்.

செல் வாங்கும்போது மேலே அச்சடித்த ஏஹெச் எண்ணை (ஆம்பியர் மணி, செல் எவ்வளவு கரண்டைச் சேர்த்து வைக்கும் என்ற கணக்கு) பார்த்து மயங்க வேண்டாம். ஒரே அளவுள்ள இரண்டைக் கையில் வைத்துப் பாருங்கள், கனமாக இருப்பதை எடுங்கள். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்லும் அதே 1.2 வோல்ட்தான், அதிக நேரமும் வரும், ஆனால் காட்மியத்துக்கு என்றே செய்த பழைய சார்ஜருக்கு அது நிரம்பிவிட்டதைக் கண்டுபிடிக்கத் தெரியாமல் போகலாம், அப்போது செல் சூடேறிக் கெடும். சார்ஜர் லேபிளில் இரண்டு வகையும் போட்டிருந்தால் தாராளமாகப் போடுங்கள், இல்லையென்றால் காட்மியத்துக்குக் காட்மியமே சரி.

செல்களை இணைக்க நிக்கல் பட்டை வைத்து ஸ்பாட் வெல்டிங்தான் செய்ய வேண்டும். செல்லின் மேல் நேரடியாக ஈயம் பற்றவைத்தால் அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் சீல் போய்விடும். ஸ்பாட் வெல்டிங் மெஷின் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம், இ-பைக் பேட்டரி கட்டிக் கொடுப்பவர்களிடம் இருக்கும். சென்னைக்கு வர முடிந்தால் மவுண்ட் ரோடு பக்கம் ரிச்சி தெருவில் விசாரியுங்கள்.

இன்னொன்று, இதைக் கட்டாயம் சொல்லி வாங்குங்கள். பழைய பேக்கைப் பிரிக்கும்போது செல்களுக்கு நடுவில் மெல்லிய ஒயரோடு ஒரு சின்ன மணியோ தகடோ செருகியிருக்கும், செல் சூடானால் சார்ஜை நிறுத்தச் சொல்வது அதுதான். அவசரத்தில் அதை வெட்டிப் போட்டுவிட்டு நேராக இணைத்துக் கொடுப்பவர்கள் உண்டு, பேக் வேலை செய்யும், நமக்கும் தெரியாது, ஆனால் ஒரு நாள் சார்ஜரிலேயே கிடந்து வெந்துவிடும். அது செல்லை ஒட்டி இருந்த இடத்திலேயே திரும்ப உட்கார வேண்டும். புது பேக் முதல் சார்ஜிலேயே முழு பலம் காட்டாது, மூன்று நான்கு தடவை ஏற்றி இறக்கிய பிறகுதான் நிதானத்துக்கு வரும்.

செல்லே கிடைக்கவில்லை, பட்டறையில் ஒரே மேசையில்தான் வேலை என்றால், காலி டப்பாவிலிருந்து தடிமனான, நீளம் குறைந்த இரண்டு ஒயரை வெளியே எடுத்து 12 வோல்ட் கார் பேட்டரியில் மாட்டி ஓட்டலாம். பிளஸ் மைனஸ் மாறக் கூடாது, பேட்டரியை ஒட்டியே 30 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று கட்டாயம் வேண்டும்.

கேள்வி: என் 18 வோல்ட் ட்ரில் பேக்கில் லித்தியம் செல் போட்டுத் தருகிறேன், பழைய சார்ஜரையே பயன்படுத்தலாம் என்று கடைக்காரர் சொல்கிறார். நம்பலாமா?
வாசகர், ராஜபாளையம்

பதில்: முதல் பாதி சரி, இரண்டாம் பாதி ஆபத்து. லித்தியம் செல் ஒன்று 3.6 வோல்ட், ஐந்து போட்டால் 18. முழுதாக ஏறினால் ஒவ்வொன்றும் 4.2, மொத்தம் 21, அந்த ட்ரில் மோட்டார் அதைத் தாங்கும். ஆனால் பழைய நிக்கல் சார்ஜர் 4.2-ல் நிற்காது, நிக்கல் செல் நிரம்பும்போது வோல்ட் லேசாக இறங்கும், அந்த இறக்கத்துக்காக அது காத்திருக்கும். லித்தியத்தில் அந்த இறக்கமே வராது. ஏறிக்கொண்டே போனால் செல் உப்பி, தீப்பிடிக்கும். தனி லித்தியம் சார்ஜர், ஐந்து செல்லையும் தனித்தனியாகக் கவனிக்கும் பிஎம்எஸ் போர்டு, ட்ரில் இழுக்கும் கரண்டைத் தாங்கும் செல், இந்த மூன்றும் இருந்தால் மட்டும் செய்யச் சொல்லுங்கள். பழைய லேப்டாப்பில் பிடுங்கிய செல்லைப் போட்டால், பிட் மரத்தில் இறுகும் நேரத்தில் தேவைப்படும் கரண்டை அதனால் கொடுக்க முடியாது. பழைய சார்ஜரை வீட்டில் வைக்கவே வேண்டாம், வேறு யாராவது தெரியாமல் மாட்டிவிடுவார்கள்.

உங்களுடையது டிவால்ட்டின் பழைய 18 வோல்ட் என்றால் இத்தனை பாடும் வேண்டாம், அவர்களே டிசிஏ1820 என்ற அடாப்டர் கொண்டுவந்தார்கள், இப்போதைய 20 வோல்ட் மேக்ஸ் பேட்டரியை அதில் செருகி ஓட்டலாம். 20 என்று எழுதியிருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், அதுவும் அதே ஐந்து செல் கணக்குதான், முழு சார்ஜை ஒட்டிய அளவைப் போட்டிருக்கிறார்கள்.

கேள்வி: ஆன்லைனில் பாதி விலைக்கு 18 வோல்ட் 6 ஏஹெச் பேட்டரி வாங்கினேன். கம்பெனியின் 3 ஏஹெச் பேட்டரி அளவுக்குக்கூட நேரம் வரவில்லை. ஏமாந்துவிட்டேனா?
வாசகி, ஓசூர்

பதில்: எடை போட்டுப் பாருங்கள், அம்மா, சமையலறைத் தராசு போதும். இந்த மாதிரி லித்தியம் பேட்டரிகளில் வழக்கமாக இருக்கும் 18650 என்ற அளவு செல் ஒன்று ஏறத்தாழ 45 கிராம். 18 வோல்ட்டுக்கு ஐந்து செல் ஒரு வரிசை, 6 ஏஹெச் வர வேண்டுமானால் அப்படி இரண்டு வரிசை, ஆக 3 ஏஹெச் செல் பத்து இருக்க வேண்டும், வெறும் செல்லே 450 கிராம், டப்பாவோடு 600-ஐ ஒட்டி வரும். 400 கிராம்தான் காட்டுகிறது என்றால் உள்ளே ஐந்து செல்தான் இருக்கும், 18650-ல் ஐந்தை வைத்துக்கொண்டு 6 ஏஹெச் வராது. திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் தராசு காட்டும் எடையைப் படம் எடுத்துப் புகார் போடுங்கள். எடை சரியாக இருந்தும் நேரம் வரவில்லை என்றால் பழைய செல்லுக்கு மேலுறை மாற்றி விற்றிருக்கலாம், அதையும் திருப்பிவிடுவதே நல்லது.

கேள்வி: கழற்றிய பழைய காட்மியம் செல்களை என்ன செய்வது?
அதே தாராபுரம் வாசகர்

பதில்: குப்பையில் வேண்டாம், கிணற்றடியிலோ தோட்டத்திலோ புதைக்கவும் வேண்டாம், காட்மியம் மண்ணில் இறங்கிப் பயிர் வழியாகத் திரும்ப நமக்கே வரும். உடைத்துப் பார்க்கவும் கூடாது. இரண்டு முனையிலும் டேப் ஒட்டி ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வையுங்கள். நம் நாட்டில் 2022-ல் வந்த பேட்டரி கழிவு விதிகளின்படி பழைய பேட்டரியைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்ப வேண்டியது உற்பத்தியாளர் பொறுப்பு. புது செட் வாங்கச் சொன்ன அதே டீலரிடம் இந்தப் பழைய செல்களை எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள்.