வரி விகிதத்துக்கு முன்னால் கழிவுகள்

அன்புள்ள ஐயா,

அரசுக்குப் பணம் போதவில்லை என்கிறார்கள். பெரும் வருமானக்காரர்களின் வரி விகிதத்தை ஏற்றினால் தீராதா? விகிதத்தைக் குறைத்தால்தான் வசூல் கூடும் என்று நண்பர்கள் வாதிடுகிறார்கள். எது சரி?
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இந்தியாவில் 1973-74இல் கூடுதல் வரியோடு சேர்த்து உச்ச விகிதம் 97.75%. அந்த அடுக்கில் இருப்பவர் மேற்கொண்டு நூறு ரூபாய் சம்பாதித்தால் கையில் நிற்பது இரண்டேகால் ரூபாய். யார் கணக்கில் காட்டுவார்கள்? வரி ஏய்ப்புக்கு இந்த விகிதங்களே முக்கியக் காரணம் என்று, நேரடி வரிகளை ஆராய அரசு அமைத்த வாஞ்சூ குழு ஏற்கெனவே சொல்லியிருந்தது. 1974இல் 77% ஆக இறக்கினார்கள். உங்கள் நண்பர்களின் வாதம் அந்தக் காலத்துக்குப் பொருந்தும். 30% அடிப்படை விகிதம் உள்ள இன்று அதை அப்படியே ஒப்பிப்பது நியாயமில்லை.

ஆனால் என் கவலை விகிதம் பற்றியது அல்ல, கழிவுகள் பற்றியது; அதாவது, வரி கணக்கிடும் முன் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள விடும் தொகைகள் பற்றியது. பழைய வரி முறையில், 80சி என்று பரவலாக அறியப்படும் சேமிப்புக் கழிவு ஒன்றரை லட்சம். 30% அடுக்கில் இருப்பவர் அதை முழுதாகப் பயன்படுத்தினால் 45,000 ரூபாய் மிச்சம். 20% அடுக்கில் இருப்பவருக்கு 30,000. வரி வரம்புக்குக் கீழே இருந்துகொண்டு சிறுகச் சிறுகச் சேமிப்பவருக்குச் சல்லிக்காசு கிடையாது. இதையே மானியமாக, வசதிக்கு ஏற்பக் கூட்டிக்கொடுக்கும் திட்டமாக ஓர் அமைச்சர் அறிவித்தால் நாடே கொந்தளிக்கும். கழிவு என்ற பெயரில் நடப்பதால் யாரும் கேட்பதில்லை. எனக்கு இது பெரிய அநீதியாகவே படுகிறது.

2020இல் வந்த புதிய முறை பெரும்பாலான கழிவுகளை எடுத்துவிட்டு விகிதத்தைக் குறைத்தது. நல்ல திசைதான். ஆனால் பழைய முறையும் விருப்பத் தேர்வாக நீடித்ததால், கழிவுகளால் அதிகம் லாபம் அடைபவர்கள் அங்கேயே தங்கிவிட முடிந்தது. அமெரிக்கா 1986இல் அப்படித் தங்கிவிட வழி வைக்கவில்லை. உச்ச விகிதத்தை 50%இலிருந்து 28%க்கு இறக்கியது, பல சலுகைகளை மூடியது, மூலதன ஆதாயத்துக்கும் (சொத்து, பங்கு விற்றுக் கிடைக்கும் லாபம்) சம்பளத்துக்கும் ஒரே உச்ச விகிதம் வைத்தது. இரு கட்சியினரும் சேர்ந்து நிறைவேற்றிய சட்டம் அது. அப்புறம் சலுகைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன என்பது வேறு கதை.

சேமிப்பை ஊக்குவிக்கத்தான் வேண்டும் என்றால், கனடா 1988இல் பல கழிவுகளை மாற்றியதுபோல, வருமானத்தில் கழிக்காமல், கட்டவேண்டிய வரியிலேயே எல்லா அடுக்கினருக்கும் ஒரே சதவீதத்தில் தள்ளுபடி தரலாம். அதற்குப் பிறகும் பணம் போதவில்லையா? அப்போது உச்ச விகிதத்தை ஏற்றட்டும், உங்களோடு சேர்ந்து நானும் ஆதரிக்கிறேன்.