டேப்பில் இரண்டாவது பேக்கப் எடுத்ததும் முதலாவது ஏன் காணாமல் போகிறது?

யூனிக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் பழைய சர்வரில், காந்த நாடாவில் தகவலைப் பதியும் ஒரே டேப் டிரைவுக்குக் குறைந்தது இரண்டு பெயர்கள் இருக்கும். ஒன்றின் வழியாக எழுதினால், வேலை முடிந்ததும் டேப் தானாகத் தொடக்கத்துக்குச் சுற்றிவிடும். இன்னொன்றில் நின்ற இடத்திலேயே நிற்கும். இந்தச் சுற்றாத பெயரில் 'என்' (n) என்ற ஆங்கில எழுத்து, யூனிக்ஸ் வகையான சோலாரிஸில் கடைசியிலும் லினக்ஸில் முதலிலும் வரும்.

சுற்றிவிடும் பெயரில், கோப்புகளைத் தொகுத்து டேப்பில் எழுதும் 'டார்' (tar) கட்டளையை இரண்டு முறை ஓட்டினால், இரண்டாவது பேக்கப் முதலாவதன் மேலேயே ஏறிவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது, அதுதான் கொடுமை. ஒரு பாட்டைப் பதிந்ததும் கேசட்டை முழுக்கப் பின்னால் சுற்றிவிட்டு அடுத்ததைப் பதிவது மாதிரி.

சரி, சுற்றாத பெயரைக் கொடுத்தால் பழைய பதிவுக்குப் பின்னால் தானாகப் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். போகாது, டேப்பை எடுத்து மறுபடி போட்டால் தொடக்கத்தில்தான் நிற்கும், எழுதுமுன் டேப்பை நகர்த்தும் 'எம்டி' (mt) கட்டளையால் கடைசிப் பதிவைத் தாண்டி நகர்த்த வேண்டும்.