சுவர் ஆடுகிறதா, அதிர்கிறதா?

தலவாக்கலையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "எங்கள் லயத்துக்கு (தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) மேலே கல்லுடைக்க வெடி வைக்கிறார்கள். நிர்வாகத்துக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தால் சுவர் நடுங்குகிறது என்பதா, ஆடுகிறது என்பதா, குலுங்குகிறது என்பதா என்று தெரியவில்லை. அம்மாவின் கையைப் பற்றி வைத்தியரிடம் சொல்லும்போதும் இதே குழப்பம். எல்லாம் ஒன்றுதானே?"

ஒன்றில்லை. அதிலும் உங்கள் கடிதத்துக்கு இந்தச் சொல்தான் உயிர். 'சுவர் ஆடுகிறது' என்று எழுதினால், பழுது சுவரில்தான் என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். ஆணி கழன்ற மேசைக்கால் ஆடும். விழப்போகும் பல் ஆடும். வெளியிலிருந்து வந்த வேகம் தாக்கி, அது ஓய்ந்ததும் அடங்குகிற அசைவு என்றால் 'அதிர்கிறது' என்று எழுதுங்கள்.

வெடி வைக்கும் நேரத்தில் ஜன்னல் கட்டையில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துப் பாருங்கள். டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்க, தண்ணீரின் மேல் மட்டும் வட்டம் வட்டமாக நெளிவு ஓடினால், அது அதிர்வு. தண்ணீர் தளும்பிச் சிந்தினால் டம்ளர் குலுங்கியது என்று பொருள். தோட்டப் பாதையில் பஸ்ஸுக்குள் நாம் படுவது அதைத்தான்.

நடுக்கம் பெரும்பாலும் உயிருள்ள உடம்புக்கு உரியது: குளிர், காய்ச்சல், பயம், முதுமை. விடியற்காலைப் பனியில் கொழுந்தெடுக்கும் விரல்கள் நடுங்கும். நிலத்துக்கு மட்டும் இரண்டும் பொருந்தும். 2020இல் கண்டி மாவட்டத்துத் திகனப் பகுதியில் உணரப்பட்டதை நில அதிர்வு என்றாலும் சரி, நிலநடுக்கம் என்றாலும் சரி. 'அதிர்வும் விதிர்ப்பும் நடுக்கம் செய்யும்' என்கிறது தொல்காப்பியம். அன்று அதிர்வே நடுக்கத்தைக் குறித்தது. திருக்குறளின் 'அதிர வருவதோர் நோய்' என்பதும் நடுங்க வைக்கும் துன்பம்தான். பிற்பாடுதான் வழக்கில் விலகின.

அம்மாவின் கை ஒரே சீராக அசைந்துகொண்டிருந்தால் 'நடுங்குகிறது' என்று சொல்லுங்கள். கண்ணிமை போல ஓரிடத்துத் தசை மட்டும் விட்டுவிட்டுச் சுண்டினால் 'துடிக்கிறது'. கட்டுக்குள் நில்லாமல் பெரிதாக அசைந்தால் 'உதறுகிறது'. கை மடியில் சும்மா கிடக்கும்போதா, தேநீர்க் கோப்பையைத் தூக்கும்போதா என்பதையும் கட்டாயம் சொல்லுங்கள். வைத்தியருக்குச் சொல்லைவிட அது பெரிய உதவி.

கடிதத்தில் இப்படி எழுதலாம்: "வெடி வைக்கும்போதெல்லாம் எங்கள் வீட்டுச் சுவர் அதிர்கிறது. கூரைத் தகரம் கடகடக்கிறது." விரிசல் கண்டிருந்தால், எந்தச் சுவரில், எந்த நாளில் கண்டீர்கள் என்பதை அடுத்த வரியிலேயே சேருங்கள்.