வேலையை விட்டேன், கணக்கு முடித்தபோது கைக்கு வந்தது 22,429 ரூபாய்தான். இது சரியா?

கேள்வி: அம்பத்தூரில் உள்ள ஒரு தனியார் நிறுவனத்தில் 3 மே 2021 அன்று சேர்ந்தேன். 19 ஜனவரி 2026 அன்று ராஜினாமா மெயில் அனுப்பினேன். 18 பிப்ரவரி கடைசி வேலை நாள். வாரத்தில் ஆறு நாள் வேலை. மொத்தச் சம்பளம் மாதம் 62,000, அதில் பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 28,000. நோட்டீஸ் பீரியட் 60 நாள். நான் 31 நாள்தான் இருந்தேன். ராஜினாமா கொடுத்ததும் ஜனவரி சம்பளத்தை நிறுத்திவிட்டார்கள். ஏப்ரலில்தான் ஃபுல் அண்ட் ஃபைனல் தாள் (இறுதிக் கணக்குத் தாள்) வந்தது.

வரவு: ஜனவரி சம்பளம் 62,000, பிப்ரவரி 18 நாளுக்கு 37,200, மீதமிருந்த 18 நாள் விடுப்புக்கு 16,800. பிடித்தம்: நோட்டீஸ் குறைவு 29 நாள் 59,933, அதன்மேல் ஜி.எஸ்.டி. 10,788, லேப்டாப் சேதம் 12,000, பி.எஃப். 3,600, வருமான வரி 6,000, தொழில் வரி 1,250. நிகரம் 22,429. ஐந்து வருடம் முடியாததால் கிராஜுவிட்டி (பணிக்கொடை) கிடையாதாம். ஆஃபர் லெட்டரில் "60 நாள் நோட்டீஸ், அல்லது அதற்கு ஈடான அடிப்படைச் சம்பளம்" என்று இருக்கிறது. நல்ல நிலையில் திருப்பிக் கொடுத்த லேப்டாப்புக்கு 12,000 பிடித்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. "நோ டியூஸ்" (பாக்கி எதுவும் இல்லை) கடிதத்தில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

பதில்: இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். லேப்டாப் பிடித்தம் தவறுதான், அதற்கும் வருகிறேன். ஆனால் உங்களுக்குப் பெரிய இழப்பு லேப்டாப் பிடித்தத்தில் இல்லை. நோட்டீஸ் பிடித்த விதத்திலும், தாளில் இடம்பெறாமலே போன கிராஜுவிட்டியிலும் இருக்கிறது.

நோட்டீஸ் கணக்கை முதலில் பாருங்கள். 59,933 எப்படி வந்தது? 62,000ஐ 30ஆல் வகுத்து 29ஆல் பெருக்கியிருக்கிறார்கள். அதாவது மொத்தச் சம்பளத்தின் மேல் பிடித்திருக்கிறார்கள். உங்கள் ஆஃபர் லெட்டரோ அடிப்படைச் சம்பளம் என்கிறது. அதன்படி 28,000ஐ 30ஆல் வகுத்து 29ஆல் பெருக்கினால் 27,067 ரூபாய்தான். இந்த ஒரு பிடித்தத்திலேயே 32,866 ரூபாய் கூடுதலாகப் போயிருக்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள்: உங்களுக்குத் தர வேண்டிய விடுப்புப் பணத்தைப் பேசிக் சம்பளத்தில் கணக்கிட்டவர்கள், உங்களிடம் வாங்க வேண்டியதை மொத்தச் சம்பளத்தில் கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரே தாளில் இரண்டு அளவுகோல். "எந்த விதியின்படி?" என்று கேட்டால் பதில் சொல்வது அவர்களுக்குக் கஷ்டம். பிற்பாடு வந்த ஹெச்.ஆர். பாலிசியில் மொத்தச் சம்பளம் என்று மாற்றியிருக்கிறோம் என்பார்கள். அப்படியானால் அந்தப் பாலிசியின் பிரதியையும், அதை நீங்கள் ஏற்றுக்கொண்டதற்கான பதிவையும் கேளுங்கள்.

நோட்டீஸ் தொகைக்கு ஜி.எஸ்.டி. பிடித்தது அப்பட்டமான தவறு. நோட்டீஸ் முடிக்காமல் போகும் ஊழியரிடம் பிடிக்கும் தொகை எந்தச் சேவைக்கும் கொடுக்கும் விலை அல்ல, அதற்கு வரி கிடையாது என்று மத்திய அரசு 3 ஆகஸ்ட் 2022 தேதியிட்ட 178ஆம் எண் ஜி.எஸ்.டி. சுற்றறிக்கையில் தெளிவாக்கிவிட்டது. அதற்கு முன்பே, சேவை வரிக் காலத்து வழக்கொன்றில் சென்னை உயர் நீதிமன்றமும் இதே நிலையை எடுத்திருந்தது. சம்பள மென்பொருளில் பழைய அமைப்பை மாற்றாமல் விட்டிருக்கலாம். காரணம் எதுவானாலும் 10,788 முழுதாகத் திரும்ப வர வேண்டும்.

லேப்டாப் விஷயத்தில், ஒப்படைக்கப்பட்ட பொருள் ஊழியரின் கவனக்குறைவால் சேதமானால் பிடிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் பிடிக்கும் முன் உங்களிடம் விளக்கம் கேட்டிருக்க வேண்டும். நாலரை வருடம் உழைத்த பேட்டரி பலவீனமாவதும் மூடியில் கீறல் விழுவதும் தேய்மானம், சேதம் அல்ல. லேப்டாப்பை ஒப்படைத்த நாளில் ஐ.டி. பிரிவு கொடுத்த ரசீது அல்லது மெயிலைத் தேடி எடுங்கள். அதில் குறை எதுவும் எழுதப்படவில்லை என்றால் அதுவே போதும். கூடவே எந்தப் பாகம், பழுது பார்த்த பில் எங்கே, கணக்குப் புத்தகத்தில் தேய்மானம் போக அதன் இன்றைய மதிப்பு என்ன என்று கேளுங்கள்.

பிப்ரவரிச் சம்பளம் 30 நாள் கணக்கில் போடப்பட்டிருக்கிறது. பிப்ரவரிக்கு 28 நாள்தான். அப்படி வகுத்தால் 39,857 வரும், வித்தியாசம் 2,657. இதில் மட்டும் அவசரப்பட வேண்டாம். நீங்கள் சம்பளமில்லா விடுப்பு எடுத்த ஏதாவது ஒரு மாதத்தின் பே ஸ்லிப்பை எடுத்து, அன்று எந்த எண்ணால் வகுத்தார்கள் என்று பாருங்கள். அந்த மாதத்தின் நாள்களால் வகுத்திருந்தால் இதையும் கேட்கலாம். எப்போதும் 30 என்றால் விட்டுவிடுங்கள். விடுப்புக்கான 16,800ஐயும் இப்படியே பாலிசியோடு ஒப்பிடுங்கள்: பேசிக்கா மொத்தமா, வகுப்பது 26ஆலா 30ஆலா என்று. 26 என்றால் அது 19,385 ஆகும்.

இனி கிராஜுவிட்டி. "ஐந்து வருடம் முடியவில்லை" என்ற பதிலோடு நின்றுவிடாதீர்கள். ஒரு வருடத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால் அது தொடர்ச்சியான ஒரு வருடப் பணியாகக் கொள்ளப்படும் என்பது சட்டத்தின் வரையறை. வாரத்தில் ஆறு நாளுக்குக் குறைவாக வேலை நடக்கும் இடம் என்றால் 190 நாளே போதும். இந்த வரையறையை வைத்து, நாலு வருடமும் ஐந்தாம் வருடத்தில் 240 நாளும் முடித்தவருக்குக் கிராஜுவிட்டி உண்டு என்று மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் 1998இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உங்கள் ஐந்தாம் வருடம் 3 மே 2025 அன்று தொடங்கியது. அன்றிலிருந்து 18 பிப்ரவரி 2026 வரை 292 நாள். ஞாயிறுகள் 42ஐயும் கழித்துவிட்டாலும் 250 நாள் நிற்கிறது. சம்பளத்தோடு எடுத்த விடுப்பு இந்தக் கணக்கில் சேரும். சம்பளமில்லா விடுப்பு எத்தனை நாள் எடுத்தீர்கள் என்பதை மட்டும் பாருங்கள், அதைக் கழிக்க வேண்டும்.

தொகை எவ்வளவு? கடைசி மாத ஊதியத்தை 15ஆல் பெருக்கி 26ஆல் வகுத்து, பணி வருடங்களால் பெருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சம் ஒரு வருடமாகும் என்பதால் உங்களுக்கு 5. பழைய வழக்கப்படி பேசிக் 28,000 என்று வைத்தால் 80,769. ஆனால் 21 நவம்பர் 2025 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறையில் இருக்கின்றன. அவற்றின்படி, ஊதியத்தில் சேராத படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியை ஊதியத்தோடு சேர்க்க வேண்டும். ஆகவே உங்கள் கணக்கில் ஊதியம் குறைந்தது 31,000. கிராஜுவிட்டி குறைந்தது 89,423. லேப்டாப்பைப் போல ஏழு மடங்குக்கும் மேல்! இதற்கான விண்ணப்பத்தைத் தனியாக, எழுத்தில் கொடுங்கள். பணம் உரிமையான நாளிலிருந்து 30 நாளில் தர வேண்டும். தாமதித்தால் தனி வட்டி சேரும். நீங்கள் விண்ணப்பத்தைத் தாமதமாகக் கொடுத்தீர்கள் என்பதற்காக மறுக்க முடியாது.

வருமான வரி 6,000 எதற்குப் பிடித்தார்கள் என்பதும் கேள்விதான். மாதம் 62,000 என்றால் ஆண்டுக்கு 7,44,000. புதிய வரிமுறையில் 2025-26 நிதியாண்டுக்கு வரிக்குரிய வருமானம் 12 லட்சம் வரை தள்ளுபடியால் வரியே இல்லை. ஆனால் பிடித்த வரியை உங்கள் பான் எண்ணில் அரசுக்குக் கட்டிவிட்டார்கள் என்றால் நிறுவனத்திடம் சண்டை போட்டுப் பயனில்லை. உங்கள் பெயரில் கட்டப்பட்ட வரியைக் காட்டும் 26 ஏ.எஸ். படிவத்தில் அது தெரிகிறதா என்று பார்த்து, ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்பப் பெறுங்கள். வேலையை விடும்போது கிடைத்த விடுப்புப் பணத்துக்கு வரிவிலக்கு உண்டு. நிறுவனம் தரும் வரிச் சான்றான ஃபார்ம் 16இல் அந்த 16,800ஐ விலக்காகக் காட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். தொழில் வரி 1,250 அரையாண்டுக்கானது. புது நிறுவனமும் அதே அரையாண்டுக்குப் பிடித்திருந்தால் இந்தத் தாளைக் காட்டுங்கள்.

ஆக, கிராஜுவிட்டி நீங்கலாக நீங்கள் கேட்க வேண்டியது: நோட்டீஸில் 32,866, ஜி.எஸ்.டி. 10,788, லேப்டாப் 12,000, பிப்ரவரி 2,657. கூட்டினால் 58,311 ரூபாய் (எப்போதும் 30ஆல்தான் வகுக்கிறார்கள் என்றால் பிப்ரவரித் தொகையை விட்டுவிட்டு 55,654).

எப்படிக் கேட்பது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். "ஏன் இவ்வளவு குறைவாக வந்திருக்கிறது?" என்று கேட்டால் "பாலிசிப்படி" என்று ஒற்றைச் சொல்லில் பதில் வரும். ஒவ்வொரு பிடித்தமாகப் பிரித்துக் கேளுங்கள். தொலைபேசியில் பேசினாலும், பேசியதை அன்றைக்கே மெயிலில் எழுதி அனுப்புங்கள். அலுவலக மெயில் உங்களுக்கு மூடப்பட்டிருக்கும். சொந்த மெயிலிலிருந்து ஹெச்.ஆருக்கும் சம்பளக் கணக்குப் பிரிவுக்கும் சேர்த்து அனுப்புங்கள். இந்த அளவு போதும் (எப்போதும் 30 நாள் கணக்குதான் என்றால் 4ஆம் எண்ணை விட்டுவிடுங்கள்):

"எனது பணியாளர் எண் இது. கடைசி வேலை நாள் 18.2.2026. இறுதிக் கணக்குத் தாளில் கீழ்க்கண்டவற்றை நான் ஏற்கவில்லை. 1. நோட்டீஸ் பிடித்தம்: பணி நியமனக் கடிதத்தின்படி அடிப்படைச் சம்பளத்தில் 27,067 மட்டுமே, கூடுதலாகப் பிடித்தது 32,866. 2. ஜி.எஸ்.டி. 10,788: சுற்றறிக்கை 178இன்படி பொருந்தாது. 3. லேப்டாப் 12,000: ஒப்படைத்த ரசீது இணைப்பில், விளக்கம் கேட்காமல் பிடிக்கப்பட்டது. 4. பிப்ரவரிச் சம்பளம்: நாள் கணக்கில் 2,657 குறைவு. 5. கிராஜுவிட்டி: விண்ணப்பம் இணைப்பில். திருத்திய தாளையும் மீதித் தொகையையும் 10 நாளில் அனுப்பக் கோருகிறேன். இதுவரை பெற்ற தொகையை என் உரிமைகளை விட்டுக்கொடுக்காமல் பெற்றுக்கொள்கிறேன்."

அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். "எல்லாம் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற தாளில் கையெழுத்துப் போட்டால், பிறகு கேட்கும்போது அதைத்தான் முதலில் நீட்டுவார்கள். சட்டப்படியான கிராஜுவிட்டி உரிமையை ஒரு கையெழுத்தால் எழுதிக் கொடுத்துவிட முடியாது என்றாலும், நோட்டீஸ், லேப்டாப் போன்றவற்றில் அந்தக் கையெழுத்து உங்களைப் பலவீனமாக்கும். ரிலீவிங் லெட்டரை (வேலையிலிருந்து விடுவித்ததற்கான கடிதம்) காட்டிக் கையெழுத்து கேட்டால், அந்த நிபந்தனையையே மெயிலில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அப்படி எழுதித் தர அநேகமாக யாரும் முன்வருவதில்லை.

உங்கள் பக்கம் இன்னொரு பலமும் இருக்கிறது. ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, ராஜினாமா செய்தவருக்கும் இரண்டு வேலை நாளுக்குள் ஊதியத்தைத் தந்துவிட வேண்டும். நீங்கள் புதன்கிழமை விலகினீர்கள். வெள்ளி, 20 பிப்ரவரிக்குள் வந்திருக்க வேண்டிய பணம் இது. "45 நாள் ஆகும்" என்பது நிறுவனங்களின் பழக்கம் மட்டுமே. பழைய சட்டத்தில் மாதம் 24,000 ரூபாய் வரம்பு இருந்தது. புதியதில் அது இல்லை என்பதால் 62,000 வாங்கிய உங்களுக்கும் பொருந்தும். ஒரு ஊதியக் காலத்தில் எல்லாப் பிடித்தமும் சேர்ந்து ஊதியத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்ற விதியும் உண்டு. உங்களிடம் 99,200 ரூபாய்ச் சம்பளத்துக்கு எதிராக 93,571 பிடித்திருக்கிறார்கள். பாதிக்கு மேற்பட்டது ரத்தாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். நியாயமான பாக்கியைப் பிறகு வசூலிக்கலாம். ஆனால் இப்படி ஒரே அடியாகப் பிடிக்க முடியாது.

பத்து நாளில் பதில் வராவிட்டால் ஒரு வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்புங்கள். பெரும்பாலான நிறுவனங்கள் இந்தக் கட்டத்தில் கணக்கைத் திருத்திவிடும். அதற்கும் அசையாவிட்டால் தொழிலாளர் துறையில் மனு கொடுங்கள். ஊதியக் கோரிக்கைக்கு மூன்று வருடம் வரை அவகாசம் இருக்கிறது. கிராஜுவிட்டிக்கு வேறு மனு, வேறு அதிகாரி: தொழிலாளர் உதவி ஆணையர் (பணிக்கொடை). இரண்டையும் ஒரே மனுவில் போட்டால் ஒன்றை ஏற்று மற்றதைத் திருப்பி அனுப்புவார்கள், மாதக்கணக்கில் வீணாகும். நியமனக் கடிதம், கடைசி மூன்று பே ஸ்லிப், ராஜினாமா மெயிலும் அதை ஏற்ற மெயிலும், இறுதிக் கணக்குத் தாள், லேப்டாப் ரசீது, வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றை இரண்டு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பி.எஃப். பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் இன்றே பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். ஜனவரிப் பங்களிப்பு பிப்ரவரி 15க்குள்ளும், பிப்ரவரிப் பங்களிப்பு மார்ச் 15க்குள்ளும் செலுத்தப்பட்டிருக்க வேண்டும். சம்பளத்தை நிறுத்தி வைத்தவர்கள் இதையும் நிறுத்தியிருக்க வாய்ப்பு உண்டு, அப்படியானால் பி.எஃப். குறைதீர் தளத்தில் தனிப் புகார் கொடுங்கள். விலகிய தேதி 18 பிப்ரவரி என்று சரியாகப் பதிவாகியிருக்க வேண்டும். அவர்கள் பதியாவிட்டால், கடைசிப் பங்களிப்பு மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து நீங்களே யு.ஏ.என். (உங்கள் பி.எஃப். கணக்கு எண்) தளத்தில் பதியலாம். பணத்தை மட்டும் எடுத்துவிடாதீர்கள். ஐந்து வருடம் முடியும் முன் 50,000 ரூபாய்க்கு மேல் எடுத்தால் 10 சதவீதம் வரி பிடிப்பார்கள். புது நிறுவனத்துக்கு மாற்றிக்கொண்டால் பழைய நாலே முக்கால் வருடமும் சேர்ந்து, இன்னும் சில மாதத்தில் அந்த ஐந்து வருடம் நிறைந்துவிடும்.