நீராவி வால்வுக்கு நைலோன் சீற் சரிவராது

நெல் அவிக்கும் நீராவிக் குழாய் வால்வில் நைலோன் சீற் (வால்வை மூடும்போது நீராவி கசியாமல் அடைக்கும் வளையம்) மாதம் ஒருமுறை நைந்துபோகிறது, சுன்னாகத்தில் நல்ல நைலோன் எங்கே கிடைக்கும் என்று கேட்டிருந்தீர்கள் அண்ணை. தரத்தில் குறை இல்லை, போட்ட இடம்தான் பிழை. நைலோன் 66 உருகுவது 260 பாகை செல்சியசுக்குக் கிட்டத்தான். ஆனால் அதற்கு முன்பே நீரை உறிஞ்சி ஊதிவிடும். சூடான நீராவி அதன் மூலக்கூற்றுச் சங்கிலியையே அறுக்கும்.

ரெஃப்லோனை நீராவி ஒன்றும் செய்யாது, இறுக்கத்தில்தான் மெல்ல நசிந்துபோகும். அழுத்தம் குறைவென்றால் கண்ணாடி நார் கலந்த ரெஃப்லோனே போதும். கூடவென்றால் பீக் (PEEK) என்ற, சூடு தாங்கும் பிளாஸ்டிக்தான்: 343 பாகையில்தான் உருகும், நீராவியில் சிதையாது. விலையைக் கேட்டால் தலை சுற்றும், அது வேறு கதை! தடியாக வாங்கி லேத் பட்டறையில் கடையக் கொடுங்கள். உங்கள் நீராவி அழுத்தம் எவ்வளவு?